வாடைக்காற்று நாளில் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன? ராமநாதபுரம் கரைக்காரர்கள் சொல்லுங்கள்

பாம்பன் அக்கா
டிசம்பர் 11, இரவு 8.40

மூன்று நாளாகப் படகு கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், கடலுக்குப் போக அனுமதி டோக்கனும் கொடுக்கவில்லை. வடகடல் பக்கம் போய் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்ட துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் போர்வையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார்கள். இந்த மாதிரி நாளில் உங்கள் வீட்டில் என்ன ஆக்குவீர்கள் என்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன். விருந்துச் சாப்பாடு வேண்டாம். கடைக்குக்கூடப் போக முடியாத அன்றைக்கு, வீட்டில் இருப்பதை வைத்து ஆக்குவதைச் சொல்லுங்கள்.

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று எங்கள் வீட்டில் திருக்கைக் கருவாட்டுக் குழம்பு. கருவாடு 200 கிராம் போல எடுத்து வெந்நீரில் கால் மணி நேரம் போட்டுவைத்து, தோலில் இருக்கிற சொரசொரப்பைக் கத்தியால் சுரண்டிவிட்டு 3 தண்ணீர் அலசினேன். குண்டு மிளகாய் 8, மல்லி 2 கரண்டி, சீரகம், கொஞ்சம் மிளகு. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் அரைத்தேன். சின்ன வெங்காயம் இரண்டு கை, பூண்டு முழுசாக ஒன்று, இரண்டையும் நல்லெண்ணெயில் வதக்கி, கத்தரிக்காயை நாலாக வகிர்ந்து போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, காய் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் கருவாடு போட வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்து நாராகிவிடும். உப்பு கடைசியில், அதுவும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. பெரும்பாலும் தேவையே இருக்காது.

மண்சட்டியில் வைத்து, கருவேலங்கட்டை எரிந்து முடிந்த தணலிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். சித்திரைக்கார் அரிசிச் சோறு, சிவப்புச் சோறு, ஆவி பறக்கப் போட்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். போர்வைக்குள் இருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து வந்துவிட்டார்கள்.

நல்ல மீன் கிடைக்கிற மாசி, பங்குனியில் இந்தக் குழம்பை நான் வைப்பதே இல்லை. வைத்தாலும் இந்த ருசி வராது.

கோயம்புத்தூர் மாப்பிள்ளை
டிசம்பர் 11, இரவு 9.25

அக்கா, படிக்கும்போதே பசிக்கிறது. என் மனைவிக்குத் தங்கச்சிமடம், அதனால் இந்தக் குழுவில் இருக்கிறேன். ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். இப்போது கைபேசியில் பாம்பன் 24 டிகிரி காட்டுகிறது. எங்கள் ஊரில் இன்று காலை 19. நாங்கள் சாதாரணமாக நடமாடுகிறோம். ஆனால் மாமியார் வீட்டுக்கு டிசம்பரில் போனால் எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எனக்கும் இரண்டாம் நாள் நடுக்கம் வந்துவிடும். ஏன் அப்படி?

தேவிபட்டினம் டீச்சர்
டிசம்பர் 11, இரவு 10.05

நல்ல கேள்வி தம்பி. டிகிரியை மட்டும் பார்த்தால் நம் ஊர்க் குளிர் பிடிபடாது. ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். அது பாக் நீரிணையின் மேலே ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே நம் மேல் வந்து விழுகிறது. நடுவில் மலை கிடையாது, பெரிய மரம் கிடையாது. இருப்பதெல்லாம் பனையும் கருவேலமும்தான். உடம்பு நனைந்தபடி, மேலே காற்று விடாமல் அடித்தால் 24 டிகிரியிலேயே சூடு இறங்கிவிடும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து பாருங்கள், அதுதான் வாடை.

நம் மாவட்டத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்து நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது நினைவிருக்கும். அந்த நாட்களில் அடுப்பு எரிவதே பெரிய காரியம். அதனால்தான் எங்கள் அப்பத்தா புரட்டாசிக்குள் கருவேல விறகை வெட்டி, கூரைக்குக் கீழே அடுக்கி முடித்துவிடும்.

எங்கள் வீட்டில் கார்த்திகை பிறந்தால் சைவம். என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுவார். அதனால் எனக்கு வாடைக்காலச் சாப்பாடு என்றால் மிளகுச் சாறும் கொள்ளுத் துவையலும்தான். கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, வரமிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, தேங்காய் இரண்டு சில்லு, உப்பு வைத்துக் கொரகொரவென்று அரைக்க வேண்டும். மைபோல அரைத்துவிட்டால் சோற்றில் ஒட்டிக்கொண்டு ருசியே தெரியாது. மிளகுச் சாற்றுக்கு மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் தட்டித்தான் போட வேண்டும். கொதிக்கவிடாமல் நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும். குதிரைவாலிச் சோறு கிடைத்தால் இன்னும் நல்லது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விளைவது. சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் கட்டியாகிவிடும்.

கீழக்கரை லாத்தா
டிசம்பர் 12, காலை 6.50

பாம்பன் தங்கச்சி, உங்கள் குழம்பில் தேங்காய் எங்கே? நாங்கள் கருவாட்டு ஆணத்துக்கு, குழம்பைத்தான் ஆணம் என்போம், அரை மூடித் தேங்காயாவது அரைத்து ஊற்றுவோம். அது இல்லாமல் வெறும் புளியும் மிளகாயும் வயிற்றைக் கிள்ளாதா?

சரி, எங்கள் வீட்டுச் சமாசாரத்துக்கு வருகிறேன். அடைமழை நாளில் எங்கள் உம்மா வைப்பது தக்கடி, கறி ஆணத்தில் வேகிற அரிசிமாவு உருண்டை. கீழக்கரையில் பெருநாளைக்கும் விருந்துக்கும்தான் அது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மழைச் சாப்பாடு. ஒரே சட்டியில் கறியும் சோறும் சேர்ந்து வந்துவிடும், தனியாக உலை வைக்க வேண்டியதில்லை.

ஆட்டுக்கறி அரைக் கிலோ, எலும்போடு. இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, பட்டை, ஏலம், மல்லித்தூள், மிளகாய்த்தூள் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்துக்கொள்ள வேண்டும். ஆணம் நீர்த்து இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வறுத்த அரிசிமாவு 2 டம்ளர், துருவிய தேங்காய் ஒரு டம்ளர், பொடிப்பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு. கொதிக்கிற ஆணத்திலிருந்தே இரண்டு அகப்பை எடுத்து மாவில் ஊற்றிப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் உருண்டை உள்ளே வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருக்கும். எலுமிச்சை அளவுக்குப் பிடித்து, நடுவில் விரலால் ஒரு அழுத்து அழுத்தி, கொதிக்கும்போது ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போட்டவுடன் அகப்பையைக் கிட்டத்தில் கொண்டுபோகக் கூடாது. 10 நிமிடம் கழித்து உருண்டை மேலே வரும். அப்புறம் தேங்காய்ப் பால் ஊற்றி, தீயைக் குறைத்துவிடலாம். மாவு கொஞ்சம் கரைந்து ஆணம் தானே கெட்டிப்படும்.

கறி வாங்க முடியாத அன்று இறாலில் செய்வோம். இறாலும் இல்லாத அன்று வெறும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு உம்மா செய்தது உண்டு. வாப்பா அப்போது இலங்கையில் இருந்தார், பணம் வர நாளாகும். அந்தத் தக்கடியை நாங்கள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டோம். இப்போது கறியோடு செய்தாலும் எனக்கு அந்த முருங்கைக்காய்த் தக்கடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சளித் தடிமன் பிடித்திருந்தால் புளியாணம். புளித் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் தாளித்து, கஞ்சி போல இல்லாமல் தெளிவாக. ரசம் என்று சொல்லாதீர்கள், பருப்பு கிடையாது. கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம்.

பாம்பன் அக்கா
டிசம்பர் 12, காலை 7.30

லாத்தா, தேங்காய் ஊற்றாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழம்பு மூன்று நாளைக்கு. முதல் நாள் சோற்றுக்கு, மறுநாள் காலை பழைய சோற்றுக்கோ இட்லிக்கோ, மூன்றாம் நாள் சுண்டவைத்துத் தொக்காக. தேங்காய் அரைத்து ஊற்றினால் இந்த ஈரத்தில் மறுநாள் காலையே நூல் விட்டுவிடும். படகுக்குக் கொடுத்துவிடுகிற குழம்பிலும் தேங்காய் போடுவதில்லை. வயிற்றைக் கிள்ளுகிறது என்று நீங்கள் சொன்னதும் சரிதான். அதற்குத்தான் குண்டு மிளகாய். நீட்டு மிளகாய் மாதிரி சுள்ளென்று ஏறாது. நிறமும் வாசமும் தரும், உறைப்பு அளவாக இருக்கும்.

தக்கடி இதுவரை நான் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தேவிபட்டினம் டீச்சர்
டிசம்பர் 12, காலை 7.48

அந்தக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில். வானம் பார்த்த நிலத்தில் விளைவது. இப்போது வயலில் செடிதான் நிற்கிறது, பழம் தை, மாசிக்கு மேல்தான். அதனால் இன்று நாம் அரைக்கிற மிளகாய் போன கோடையில் களத்தில் காய்ந்தது. தேங்காய் விஷயத்தில் நான் லாத்தா பக்கம்.

தொண்டிக் கரையோரம்
டிசம்பர் 12, மதியம் 1.15

எல்லோரும் கருவாடு, கறி என்று பேசுகிறீர்கள். வாடைக்காலத்துக்கு மீனே கிடைக்காது என்பது போல ஆகிவிட்டது. காற்று ஒரு நாள் தணிந்தால் போதும், கரைக்குப் பக்கத்திலேயே வலை விட்டாலும் காரல் விழும். காரல் சாறு தெரியாமல் வாடைச் சாப்பாடு என்று பேசுவது எனக்கு மனசு ஆறவில்லை.

காரல் சின்ன மீன், பட்டையாக வெள்ளிக்காசு மாதிரி மின்னும். வழவழப்பு அதிகம். கல் உப்புப் போட்டுத் தேய்த்து, குடலை எடுத்து, நாலு தண்ணீர் அலச வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் ஒன்றரை, பூண்டு 15 பல், சின்ன வெங்காயம் ஒரு கை. எல்லாம் அம்மியில் தட்டினால் போதும், அரைக்க வேண்டாம். சட்டியில் தண்ணீர், மஞ்சள், தக்காளி 2, தட்டியது, கறிவேப்பிலை, உப்பு. நன்றாகக் கொதித்து மிளகு வாசம் வீடு முழுக்க வந்த பிறகு மீனைப் போட வேண்டும். அப்புறம் 7, 8 நிமிடம்தான். கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. மீனிலிருந்தே நெய் மிதக்கும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இதைத்தான் கொடுப்பார்கள், சுறாப்புட்டும் கொடுப்பார்கள். என் மனைவிக்குப் பெரியவன் பிறந்தது ஒரு கார்த்திகை மாதம். காற்று அடங்கவே இல்லை, 9 நாள் வலை விடவில்லை. பத்தாம் நாள் எங்கள் மாமா வள்ளத்தில் போய் ஒரு கூடை காரல் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, நனைந்த சட்டையோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அந்தச் சாற்றின் வாசம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

நண்டும் சொல்லிவிடுகிறேன். நீலக்கால் நண்டின் கால்களை மட்டும் தனியாக எடுத்து, அம்மியில் ஓட்டோடு நசுக்கி, இதே மிளகு சீரகத்தில் கொதிக்கவிட்டு வடித்தால் நண்டுச் சாறு. சளி கட்டிய பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொடுத்தால் இரவு மூக்கடைப்பு இல்லாமல் தூங்கும் என்பார்கள். உடம்பை வறுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற சினை நண்டு வலையில் வந்தால் மட்டும் எடுக்காதீர்கள், கடலிலேயே விட்டுவிடுங்கள்.

பாம்பன் அக்கா
டிசம்பர் 12, மதியம் 2.00

அண்ணே, சொல்வது சரி. எங்களுக்கும் அப்படித்தான். வாடையில் வடகடல் கொந்தளித்தாலும் தென்கடல் கொஞ்சம் அமைதியாக இருக்கும். அதனால் தெற்குவாடியிலும் குந்துகாலிலும் கொஞ்சம் மீன் வரும். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது இதற்கு நேர்மாறு. இந்த முறை புயல் கூண்டு ஏறியிருப்பதால் இரண்டு பக்கமும் கிடையாது.

வடக்கே ஒரு ராம்நாட்டான்
டிசம்பர் 12, இரவு 11.30

திருப்பாலைக்குடி. இப்போது டெல்லிப் பக்கம் வேலையில் இருக்கிறேன். இங்கே இரவு 8 டிகிரி. ஜனவரியில் இன்னும் இறங்கும். மெஸ்ஸில் சப்பாத்தியும் பருப்பும்தான். வரும்போது அம்மா ஒரு டப்பாவில் மாசி இடித்துக் கொடுத்தார்கள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை போல ஆகிறவரை காயவைத்தது. இடிக்க உலக்கைதான் வேண்டும், மிக்சி தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறையில் சோறு பொங்கி, மாசித்தூளில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, வரமிளகாயைச் சுட்டு நொறுக்கி, தேங்காய்த்தூள், எலுமிச்சை பிழிந்து பிசைந்துகொள்கிறேன். இங்கே நல்ல தேங்காய் கிடைப்பதில்லை, பாக்கெட்டில் விற்கிற தூள்தான். பக்கத்து அறையில் இருக்கிற கேரளத்துக்காரரும் ஒரு தட்டோடு வந்துவிடுகிறார். டப்பாவில் இன்னும் நாலு விரல் உயரம் இருக்கிறது. பொங்கலுக்கு லீவு கிடைக்கும்வரை அதை ஓட்ட வேண்டும்.

கீழக்கரை லாத்தா
டிசம்பர் 13, காலை 6.20

தம்பி, அந்தச் சம்பலுக்கு இடியாப்பம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். பொங்கலுக்குப் பாதுகாப்பாக வீடு வந்து சேருங்கள்.

சாயல்குடிப் பனங்காடு
டிசம்பர் 13, காலை 10.40

கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். எங்கள் பக்கம் மூக்கையூரிலிருந்து மேலே வந்தால் பனைதான். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணலில் பாத்தி கட்டிப் புதைத்து வைத்திருக்கிறோம். மழை பெய்யப் பெய்ய உள்ளே கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும். மார்கழிக் கடைசியில்தான் பிடுங்குவோம். இப்போதே கடைக்கு வருகிற கிழங்கு நார் பிடிக்காமல் இளசாக இருக்கும், ஆனால் மாவு கட்டியிருக்காது. பொறுத்து வாங்குங்கள்.

கிழங்கை மஞ்சள், உப்புப் போட்டு அவித்துச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அம்மாச்சி செய்வது வேறு. அவித்த கிழங்கை நார் உரித்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, சின்னத் துண்டாக நறுக்கி, உரலில் பூண்டு, பச்சை மிளகாய், தேங்காய், உப்பு வைத்து இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கும். மழைச் சாயங்காலம் அதில் நாலு உருண்டையும் சுக்குக் காப்பியும் இருந்தால் இரவுச் சோறு வேண்டியதில்லை.

சுக்குக் காப்பிக்குச் சுக்கு, மல்லி விதை, மிளகு, திப்பிலி. பால் ஊற்றக் கூடாது. கருப்பட்டி போன சித்திரை, வைகாசியில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கருப்பட்டி வேர்க்கும், பிசுபிசுவென்று இளகும். அதனால் ஓலைக்கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்போம். புகை பட்ட கருப்பட்டியில் போட்ட காப்பிக்கு ஒரு தனி மணம் உண்டு. மழையில் நனைந்தாலும் இளகாமல் கல் மாதிரி இருக்கிற கருப்பட்டி விற்கிறார்களே, அதில் சீனி கலந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். வாங்கும்போது நாக்கில் வைத்துப் பாருங்கள். அசல் கருப்பட்டியில் லேசாக ஒரு கரிப்பு இருக்கும்.

உளுந்தங்களியும் இந்தக் காலத்துக்குத்தான். தோல் உளுந்து 2 பங்கு, பச்சரிசி 1 பங்கு, வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, நல்லெண்ணெய் தாராளமாக. வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளும் சண்டை போட்டுச் சாப்பிடுவோம்.

மண்டபம் முகாம் பையன்
டிசம்பர் 13, மதியம் 3.30

பனங்கிழங்கு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை அண்ணே. நான் பிறந்தது மண்டபம் அகதிகள் முகாமில். அம்மம்மா 1990இல் இலங்கை மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து தனுஷ்கோடியில் இறங்கியவர். இந்தக் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ்தான்.

தை, மாசி வெயிலில் அம்மம்மா பச்சைக் கிழங்கை இரண்டாக வகிர்ந்து காயவைப்பார். அவிக்காமல் காயவைத்தால் அது ஒடியல். முறித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். அதை இடித்து மாவாக்கி வைத்துவிட்டால் அடுத்த மழைக்காலம்வரை இருக்கும். நீங்கள் எல்லோரும் சொன்ன கருவாடும் மாசியும் மாதிரித்தான் இதுவும், வெயில் காலத்தில் சேர்த்து வைத்தது.

கூழ் வைக்கிற அன்று மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் தண்ணீரை இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கை அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. அவை அரைவேக்காடு வந்ததும் நண்டு, இறால், மீன் தலை, எது கிடைக்கிறதோ அது. செத்தல் மிளகாயும், அதாவது வரமிளகாயும், மஞ்சளும் அரைத்து, புளிக்கரைசலில் ஒடியல் மாவோடு சேர்த்துக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். கடைசியில் முருங்கையிலை. கரண்டியிலிருந்து விழும்போது தண்ணீராகவும் இருக்கக் கூடாது, களியாகவும் இருக்கக் கூடாது.

அம்மம்மா அதைத் தட்டில் கொடுக்க மாட்டார். பனையோலையை மடித்துப் பிளா கட்டி அதில்தான் ஊற்றுவார். சுடச்சுட அதில் குடித்தால் ஓலை வாசமும் சேர்ந்து வரும். முகாமில் எங்கள் லைன் வீடுகளில் ஒரு வீட்டில் கூழ் என்றால் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கேதான் சாப்பாடு. மீன் வாங்கக் காசில்லாத மழை நாளில் கரையில் வலை உதறுகிறவர்களிடம் போய் நிற்போம். ஒருவரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பெயர் கேட்டதுமில்லை. அதைச் சொல்ல எனக்கு இந்த இடம் கிடைத்தது சந்தோஷம்.

பாம்பன் அக்கா
டிசம்பர் 13, மாலை 5.10

தம்பி, கண் கலங்கிவிட்டது. அம்மம்மா இப்போதும் கூழ் வைக்கிறார்களா?

மண்டபம் முகாம் பையன்
டிசம்பர் 13, மாலை 5.45

வைக்கிறார் அக்கா. கிண்டுவது மட்டும் நான். உப்புப் பார்ப்பது அவர்.

கோயம்புத்தூர் மாப்பிள்ளை
டிசம்பர் 15, காலை 11.20

அக்கா, நேற்று உங்கள் முறைப்படி நானே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மனைவிக்கு ஆச்சரியம். ஆனால் ஒவ்வொரு கடிக்கும் மணல் நெறுநெறுவென்று பல்லில் பட்டது. இங்கே ஒரு கடையில் பாக்கெட்டில் வாங்கியது. பிரிக்கும்போதே மூக்கை எரிக்கிற நெடி, மேலே அங்கங்கே வெள்ளையாகவும் இருந்தது. குழம்பின் ருசி நன்றாகவே இருந்தது, ஆனால் பயத்தில் கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் சாப்பிட்டோம். நல்ல கருவாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொண்டிக் கரையோரம்
டிசம்பர் 15, மதியம் 12.30

ஒதுக்கியது நல்லது தம்பி. மணலில் நேராகப் போட்டுக் காயவைத்தால் அந்த மணல் சதைக்குள் புகுந்துவிடும், எத்தனை தண்ணீர் அலசினாலும் போகாது. நாங்கள் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல்தான் காயப்போடுவோம். கீழேயிருந்தும் காற்று போகும். வாங்கும்போது எதில் காய்ந்தது என்று கேட்டே வாங்குங்கள்.

திருக்கைக்கும் சுறாவுக்கும் இயல்பாகவே கொஞ்சம் நெடி உண்டு. அந்த மீன்களின் உடம்பில் யூரியா இருக்கிறது. வெந்நீரில் போட்டால் பெரும்பகுதி போய்விடும். கண்ணை எரிக்கிற அளவுக்கு இருந்தால் வேண்டாம். மேலே இருக்கிற வெள்ளை, விரலால் தேய்த்தால் மணி மணியாக உதிர்ந்தால் அது உப்பு. பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் பூசணம். இளஞ்சிவப்பாகத் திட்டு தெரிந்தாலும் கெட்டது. கழுவிச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் தடவைக்கு நெத்திலியில் தொடங்குங்கள். கையில் எடுத்து வளைத்தால் படக்கென்று முறியும், சந்தேகமே வராது.

பாம்பன் அக்கா
டிசம்பர் 15, இரவு 7.50

மாப்பிள்ளைத் தம்பி, பொங்கலுக்குத் தங்கச்சிமடம் வருவீர்கள்தானே, பாம்பன் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். சித்திரையில் நானே காயவைத்தது, ஒரு கொட்டான் இருக்கிறது.

லாத்தா, இன்று தக்கடி செய்தேன். கறி கிடைக்கவில்லை. முருங்கைக்காய் போட்டேன், உங்கள் உம்மா செய்தது போல. முதல் நாலு உருண்டை கரைந்துவிட்டது, மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்த பிறகு மீதி நன்றாக வந்தது. சின்னவள் ஐந்து சாப்பிட்டாள். உருண்டைக்குள்ளே வெங்காயம் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

கீழக்கரை லாத்தா
டிசம்பர் 15, இரவு 8.30

கரைந்தது மாவைச் சரியாக வறுக்காததாலும் இருக்கும் தங்கச்சி. கோலம் போட்டால் இழை விழுகிற பதத்துக்கு வறுங்கள், நிறம் மாறக் கூடாது. ஆணத்தையும் ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். உம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். முருங்கைக்காயை இரண்டு விரல் நீளத்துக்கு மேல் வெட்டக் கூடாது, உருண்டையைக் குத்திவிடும் என்று சொல்லச் சொன்னார்கள்.

மண்டபம் முகாம் பையன்
டிசம்பர் 16, காலை 6.05

காற்று இறங்கியிருக்கிறது. கூண்டையும் இறக்கிவிட்டார்கள். பாம்பன் அக்கா, அண்ணன் இன்று கடலுக்குப் போனால் நாளைக்கு இரண்டு மீன் தலை மட்டும் எடுத்து வையுங்கள். ஒடியல் மாவு ஒரு படி இருக்கிறது. அம்மம்மா உங்களுக்கும் சேர்த்து ஊறப்போடட்டுமா என்று கேட்கிறார்.

பாம்பன் அக்கா
டிசம்பர் 16, காலை 6.20

போடச் சொல் தம்பி. வலை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நண்டு விழுந்தால் அதுவும் கொண்டுவருகிறேன்.